நெல் ஒப்பந்தத்தில் விலையை மட்டுமல்ல, கழிவையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளைச்சலை வாங்கும் நிறுவனத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு பயிரிடும் ஒப்பந்தச் சாகுபடி, சிறு நெல் விவசாயியின் வருமானத்தை உயர்த்துமா என்ற கேள்வி நாளிதழ்களில் எழும்போதெல்லாம் பதில் இரண்டே வகையில் வந்து நின்றுவிடுகிறது. விதைப்பதற்கு முன்பே விலை தெரிந்துவிடுவதால் விவசாயி நிம்மதியாகப் பயிர் செய்யலாம் என்கிறது ஒரு தரப்பு. நிலமும் பயிரும் நிறுவனத்தின் பிடிக்குள் போய்விடும் என்று அஞ்சுகிறது மறு தரப்பு. இரு தரப்பாரின் அக்கறையையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விலைக்கும், அறுவடை முடிந்து எடைபோட்டு, ஈரத்துக்கும் தரக்குறைவுக்கும் ‘கழிவு’ என்று எடையைக் குறைத்து, முன்பணத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு விவசாயியின் கைக்கு வந்து சேரும் பணத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இரு தரப்பாரும் அளப்பதில்லை. சிறு விவசாயியின் வருமானம் கூடுவதும் குறைவதும் அந்தத் தூரத்தில்தான் என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், நெல்லை மற்ற ஒப்பந்தப் பயிர்களோடு சேர்த்துப் பேசுவதே பிழை. வெட்டிய கரும்பும் பறித்த தேயிலைக் கொழுந்தும் அறுத்த எண்ணெய்ப்பனைக் குலையும் காத்திருக்காதவை. தாமதமானால் அவற்றின் தரம் விரைவாகக் கெடும். அருகில் இருக்கும் ஆலையை விட்டால் விவசாயிக்கு வேறு வழியில்லை. ஆகவே அப்பயிர்களில் ஒப்பந்தம் ஏறத்தாழ இயற்கையாகவே அமைந்துவிடுகிறது. நெல் அப்படியல்ல. காய்ந்த நெல்லை மாதக்கணக்கில் இருப்பு வைக்கலாம். எந்த ஆலையிலும் அரைக்கலாம். வாங்க வியாபாரிகள் பலர் உண்டு. வீட்டுச் சாப்பாட்டுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். எனவே பொதுரக நெல்லுக்கு ஒப்பந்தம் தரும் கூடுதல் நன்மை குறைவு. ஒப்பந்தத்தை மீறும் வாய்ப்போ இரு பக்கமும் அதிகம். சந்தையில் எளிதில் விலைபோகாத நெல்லில்தான், அதாவது விதைநெல், இயற்கை முறையில் விளைந்த நெல், நறுமண ரகங்கள், வெளிநாட்டு வாங்குபவர் கேட்கும் தனிரகம் ஆகியவற்றில்தான் ஒப்பந்தத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது.

நெல் ஒப்பந்தங்களைப் பற்றி வெளிவந்திருக்கும் ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே காட்டுகின்றன. நேபாளத்தில் உயர்விளைச்சல் ரக விதைநெல் ஒப்பந்தத்தில் விளைச்சலும் இலாபமும் கூடின. இந்தியாவில் இயற்கை முறை பாசுமதி ஒப்பந்தங்களிலும், லாவோசில் வணிக நெல்லுக்கு மாறிய விவசாயிகளிடமும் ஆதாயம் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்த சிறு விவசாயிகள் நெல் பரப்பையும் விற்பனையையும் பெருக்கி வருமானமும் உயர்த்தினர். கம்போடியாவின் நறுமண நெல் ஒப்பந்தத்தைப் பற்றிய ஆய்வு எனக்குத் தனியாக மனத்தில் நிற்கிறது. ஒப்பந்தத்தின் வழியே தரமான விதையையும் சாகுபடி முறையையும் சந்தையையும் அறிந்துகொண்ட விவசாயிகளில் ஒரு பகுதியினர் பின்னர் ஒப்பந்தத்தை விட்டு விலகித் தாமே விற்கத் தொடங்கினர். நிறுவனத்தின் கணக்கில் அது இழப்பாக இருக்கலாம். விவசாயியின் பக்கமிருந்து பார்த்தால், ஒப்பந்தம் தந்த மிகப் பெரிய வருமானமே அந்தத் தன்னிறைவுதான் என்று நான் கருதுகிறேன்.

இவற்றை வைத்து ஒரு பொதுவான சதவீதத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. 13 வளரும் நாடுகளின் ஒப்பந்தத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த முறையான மதிப்பாய்வு ஒன்று, வருமான உயர்வு சராசரியாக 23 முதல் 54 சதவீதம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. இந்த எண் பல இடங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே மதிப்பாய்வின் மற்றொரு முடிவோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆராயப்பட்ட திட்டங்களில் 61 சதவீதத்தில், ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் அப்பகுதியின் சராசரி விவசாயியைவிட அதிக நிலமோ அதிகச் சொத்தோ உடையவர்களாக இருந்தனர். அதோடு, தொடங்கி ஓரிரு ஆண்டுகளில் மூடப்பட்ட திட்டங்கள் ஆய்வாளர் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடுவதால், நிலைத்து நின்றவற்றின் கதையே பெரும்பாலும் நம்மை எட்டுகிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. உலகின் பண்ணைகளில் ஏறத்தாழ 84 சதவீதம் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை என்பது ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணக்கு. ஆகவே அந்தச் சராசரியை அப்படியே கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவரின் வருமானமாக எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

விளைச்சல் கூடினால் வருமானம் தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கையையும் இங்கே சோதிக்க வேண்டும். கானாவின் வடமேற்கில் மக்காச்சோள ஒப்பந்தத் திட்டங்களை ஆராய்ந்தவர்கள், விவசாயிகள் புதிய தொழில்நுட்பத்தைக் கைக்கொண்டதையும் விளைச்சல் உயர்ந்ததையும் கண்டனர். ஆனால் கூடுதலாகப் போட்ட உரத்துக்கும் விதைக்கும் கடனுக்கும் ஆன செலவை ஈடுகட்ட அந்த உயர்வு சராசரியாகப் போதவில்லை. பயிர் வேறாக இருந்தாலும் கணக்கு நெல்லுக்கும் பொருந்தும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கழிவுக்கு வருகிறேன். அறுவடையின்போது நெல்லில் பொதுவாக 20 முதல் 25 சதவீதம் ஈரப்பதம் இருக்கும். பாதுகாப்பாக இருப்பு வைக்கவும் அரைக்கவும் அது 14 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். 22 சதவீத ஈரத்தோடு 1,000 கிலோ நெல் எடைமேடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருள் 780 கிலோ. 14 சதவீத ஈரத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால் அது 907 கிலோ நெல்லுக்குச் சமம். அதாவது 93 கிலோவைக் கழிப்பது முறையானது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. கொள்முதல் செய்பவரோ ‘கூடுதலாக உள்ள ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் ஒன்றரை சதவீத எடை கழிக்கப்படும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியை எழுதிவிட்டால், 8 சதவீதக் கூடுதல் ஈரத்துக்கு 120 கிலோ போய்விடும். 27 கிலோ நெல் காரணமில்லாமல் கரைகிறது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அந்த ஒரு டன்னுக்கான சாகுபடிச் செலவு 680 கிலோ நெல்லின் விலைக்குச் சமமாக இருந்தால், விவசாயிக்கு மிஞ்ச வேண்டியது 227 கிலோ. மிஞ்சியது 200 கிலோ. எடையில் 3 சதவீதம்கூட ஆகாத ஒரு கழிவு, குடும்பத்தின் நிகர வருமானத்தில் ஏறத்தாழ 12 சதவீதத்தைக் கொண்டுபோய்விடுகிறது. சந்தையைவிட 2 சதவீதம் கூடுதல் விலை தருவதாகப் பெருமையோடு அறிவிக்கும் ஒப்பந்தம் ஒன்று இந்த ஒரு வரியாலேயே சந்தையைவிடக் குறைவாகக் கொடுத்துவிட முடியும்.

ஈரப்பதத்தையாவது கருவி வைத்து அளந்துவிடலாம். பதர், கருக்காய், கலப்பு, நிறம் மாறிய மணி, அரைத்தபின் வரும் குருணையின் அளவு ஆகியவை இன்னும் சிக்கலானவை. நெல்லின் மதிப்பு அரைத்தபின் கிடைக்கும் முழு அரிசியின் விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதம் ஆலைக்குள் போன பிறகுதான் தெரியும். விவசாயி அங்கே இருப்பதில்லை. மாதிரி எடுப்பவர், சோதிப்பவர், தரம் சொல்பவர், பணம் கொடுப்பவர் எல்லாம் ஒரே தரப்பாக இருக்கும்போது, அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும், மறுபக்கம் நிற்பவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. நம்பிக்கை அந்த இடத்தில்தான் உடைகிறது. அடுத்த பருவத்தில் நல்ல நெல்லை வெளியே விற்றுவிட்டுச் சுமாரானதை நிறுவனத்துக்குக் கொடுக்க விவசாயி துணிகிறார். நிறுவனம் கழிவை இன்னும் கடுமையாக்குகிறது.

காலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுத்த நெல்லை 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. தாமதமானால் குவியல் சூடேறி மணியின் நிறம் மாறும். முற்றிய கதிரை வயலிலேயே அதிக நாள் விட்டாலோ மணியில் வெடிப்பு விழுந்து அரவையில் குருணை கூடும். அறுவடை நாளையும் வண்டி வரும் நாளையும் தீர்மானிக்கும் உரிமையை ஒப்பந்தம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தாமதத்தால் வரும் தரக்குறைவை விவசாயியின் கணக்கில் எழுதுவது எந்த வகையில் நியாயம்? இப்படி ஒரு பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால், அதில் சொல்லப்பட்ட விலைக்கு அர்த்தமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இடுபொருள் முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிக் கடன் கிடைக்காத சிறு விவசாயியை ஒப்பந்தத்துக்கு இழுப்பது பல நேரங்களில் விலையே அல்ல; விதையும் உரமும் உழவுக் கூலிக்கான பணமும் பருவத் தொடக்கத்திலேயே கிடைக்கும் என்பதுதான். இந்த உதவியின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தனியார் வட்டிக்குக் கடன் வாங்குவதைவிட இது எத்தனையோ மேல். இருந்தாலும் வட்டி இல்லை என்று சொல்லிக் கொடுக்கப்படும் உரத்தின் விலைக்குள்ளேயே வட்டி ஒளிந்திருக்கக்கூடும். சந்தையில் 100 ரூபாய் மதிப்புள்ள இடுபொருளை 112 ரூபாய் என்று கணக்கில் எழுதி, நான்கு மாதம் கழித்து நெல்லில் பிடித்துக்கொண்டால், அது ஆண்டுக்கு 36 சதவீத வட்டிக்குச் சமம். செனெகல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நெல் சாகுபடியில் இரண்டு வகை ஒப்பந்தங்கள் இருந்துவருகின்றன: சாகுபடிக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து நெல்லாகத் திரும்பப் பெறுவது ஒன்று, அறுவடைக்குப் பின் தரத்துக்கேற்ற விலையில் வாங்கிக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே பெயரில் அழைத்து ஒரே சராசரியில் அடக்குவது சரியல்ல. முதலாவது அடிப்படையில் ஒரு கடன்; அதைக் கடனாகவே எழுதி, வட்டி எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் விவசாயி கூட்டுறவுக் கடனோடும் வியாபாரியின் முன்பணத்தோடும் ஒப்பிட்டு முடிவெடுக்க முடியும்.

விலை ஏறும் காலத்தில் என்ன நடக்கிறது என்பதில் விவசாயிமீது சுமத்தப்படும் பழி எனக்கு எப்போதுமே வருத்தம் தருவது. உலகில் விளையும் அரிசியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நாடுகளுக்கிடையே விற்கப்படுகிறது. ஆகவே ஒரு பெரிய ஏற்றுமதி நாடு கதவைச் சாத்தினால் விலை சட்டென்று தாவும். 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருந்த தாய்லாந்து அரிசியின் ஏற்றுமதி விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் ஏறி டன்னுக்கு 1,000 டாலரைத் தாண்டியது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தது. அடுத்த மாதமே உலக அரிசி விலைக் குறியீடு 15 ஆண்டுகளில் காணாத உயரத்தைத் தொட்டது. இத்தகைய நாள்களில் பழைய விலைக்கே நெல்லைக் கொடுக்கும்படி ஒப்பந்தம் கட்டிப்போட்டால், பக்கத்து வயல்காரர் முப்பது சதவீதம் கூடுதலாக வாங்குவதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? வெளியே விற்பதை நான் நியாயப்படுத்தவில்லை, வாக்கு வாக்குதான். ஆனால் விலை சரியும் ஆண்டில் ‘தரம் போதவில்லை’ என்று நெல்லைத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு நிறுவனத்துக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. விலை ஏறும் ஆண்டில் விவசாயிக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. ஒருவர் மீறினால் அது தரப் பரிசோதனை என்றும் மற்றவர் மீறினால் துரோகம் என்றும் பெயர் பெறுவது முறையாகாது.

இதற்கு எளிய தீர்வு உண்டு. ஒரே விலையை எழுதுவதற்குப் பதிலாக அடிப்படை விலை ஒன்றை உறுதிசெய்து, அதற்கு மேல் சந்தை ஏறினால் அந்த ஏற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அடிப்படை 100 ஆகவும் அறுவடை நாளின் சந்தை விலை 130 ஆகவும் இருந்தால், ஏற்றத்தில் பாதியைச் சேர்த்து 115 கொடுக்க வேண்டியிருக்கும். விவசாயிக்கு வெளியே விற்கும் தூண்டுதல் குறையும்; போக்குவரத்தும் தரகும் மிச்சமாவதால் பலர் ஒப்பந்தத்திலேயே நிற்பார்கள். நிறுவனத்துக்கும் சந்தையைவிடக் குறைந்த விலையில் உறுதியான வரத்து கிடைக்கும். எந்தச் சந்தையின் எந்த நாள் விலை என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பயிர் அழியும் ஆண்டோ இதைவிடக் கொடியது. வெள்ளம் வந்தோ வறட்சியாலோ பூச்சியாலோ பயிர் போனால் விற்க நெல் இல்லை. வாங்கிய முன்பணம் மட்டும் கடனாக நிற்கிறது. ஒப்பந்தம் இல்லாதவருக்கும் பயிர் அழியத்தான் செய்கிறது. ஆனால் ஒப்பந்தத்தின் பேரில் வழக்கத்தைவிட அதிக இடுபொருள் போட்டவர் அதிகமாக இழக்கிறார். விலை அபாயத்தை நிறுவனம் ஏற்கிறது என்று சொல்லப்படுகிறதே தவிர, விளைச்சல் அபாயம் முழுவதும் வயலிலேயே விடப்படுகிறது. ஒப்பந்தச் சாகுபடிக்கான சட்ட வழிகாட்டி ஒன்றை, நாடுகளின் தனியார் சட்டங்களை ஒருங்கிணைக்க உழைக்கும் யூனிட்ராய்ட் அமைப்பும், ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும், சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியமும் சேர்ந்து 2015இல் வெளியிட்டன. இயற்கைப் பேரிடர்களால் கடமையை நிறைவேற்ற முடியாமல் போகும் நிலை அதில் விரிவாகவே பேசப்பட்டிருக்கிறது. அந்தப் பொதுவான நெறிகூட எழுதப்படாத ஒப்பந்தங்களில் சிறு விவசாயியைக் கையெழுத்திடச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

வருமானத்தைக் கணக்கிடும் முறையைப் பற்றி ஒன்று. ஒப்பந்தப் பயிரிலிருந்து வரும் வருமானம் கூடுவதும், குடும்பத்தின் மொத்த வருமானம் கூடுவதும் ஒன்றல்ல. தனிரக நெல்லுக்குக் களை எடுப்பதும் கலப்பு நீக்குவதும் பதிவேடு எழுதுவதும் கூடுதல் உழைப்பைக் கேட்கின்றன. அந்த உழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. அவர்கள் வேறு கூலி வேலைக்கோ கால்நடைப் பராமரிப்புக்கோ கொடுத்துவந்த நேரம் ஒப்பந்த வயலுக்குள் போகிறது. நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரோடுதான் நிறுவனம் ஒப்பந்தம் போடுகிறது. பணமும் அவர் கணக்கிலேயே விழுகிறது. குத்தகைக்கு உழுபவரின் நிலையும் இதுதான். நாற்று நட்டவரின் பெயர் எங்கும் இருப்பதில்லை. ஆகவே வருமான உயர்வு என்று சொல்பவர்களிடம், குடும்ப உழைப்பின் நாள் ஒன்றுக்கு எவ்வளவு உயர்ந்தது, அது யாருக்குக் கிடைத்தது என்றும் நாம் கேட்க வேண்டும்.

நிறுவனங்கள் பெரிய விவசாயிகளை நாடுவதற்கும் காரணம் இருக்கிறது. ஐம்பது சிறு வயல்களுக்கு ஐம்பது முறை போய் மாதிரி எடுத்து, ஐம்பது கணக்கு எழுதுவதைவிட ஒரே பெரிய வயலில் முடித்துக்கொள்வது செலவு குறைவானது. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால் இந்தத் தடை பெருமளவு நீங்கும். வியட்நாம் 2002இலேயே அரசு ஆணை மூலம் ஒப்பந்தக் கொள்முதலை ஊக்குவித்தது. பின்னர் 2011 முதல் மெகாங் கழிமுகத்தில் அடுத்தடுத்த சிறு வயல்களை ஒரே ரகம், ஒரே பருவம் என்று இணைக்கும் பெருவயல் முறையை முன்னெடுத்தது. குழுவுக்குச் சொந்தமாக ஓர் ஈரப்பதமானியும் ஓர் எடைமேடையும் இருந்தால் பேரத்தின் தன்மையே மாறிவிடும். அவற்றோடு ஓர் உலர்த்தும் களமும் சேர்ந்தால், ஈரநெல்லை அன்றைக்கே தள்ளிவிட வேண்டிய நெருக்கடியும் ஒழியும். விலையை உயர்த்தச் செய்யும் எந்தப் பேச்சுவார்த்தையையும்விட அந்தக் களம் அதிகம் சம்பாதித்துத் தரும் என்று நான் நம்புகிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தாய்லாந்து 2017இல் கொண்டுவந்த ஒப்பந்தச் சாகுபடிச் சட்டத்தின் இரண்டு விதிகள் எல்லா நாட்டுக்கும் ஏற்றவை. ஒப்பந்தம் செய்யும் நிறுவனம் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்துக்கு முன்பே செலவு, வருவாய், அபாயம் பற்றிய விவர ஆவணத்தை விவசாயியிடம் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2020இல் இயற்றப்பட்ட ஒப்பந்தச் சாகுபடிச் சட்டம், தகராறுகளை உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோக விடாமல் வருவாய்த்துறை அதிகாரிகளின் முன்னிலையில் தீர்க்கச் சொன்னது. விவசாயிகளின் எதிர்ப்புக்கு அதுவும் ஒரு காரணம். 2021 நவம்பரில் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. தகராறு வந்தபின் எங்கே போவது என்பது முக்கியமான கேள்வி. ஆனால் நெல் அரைபட்டுப்போன பிறகு எந்த மன்றத்தாலும் அதன் ஈரத்தை அளக்க முடியாது. எனவே எடைபோடும் இடத்திலேயே, அதே நாளில், இரு தரப்பும் ஏற்ற மூன்றாவது ஒருவர் மாதிரியை முத்திரையிட்டு வைக்கும் ஏற்பாடே சிறு விவசாயியைக் காக்கும்.

தங்கள் நாளிதழ் இதில் ஓர் உதவி செய்ய முடியும். நெல் ஒப்பந்தம் கையெழுத்தானதாக எந்த நிறுவனமோ அரசுத் துறையோ அறிவிக்கும்போது, விலையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஈரத்துக்கான கழிவு விகிதம் என்ன, தரத்தை யார் சோதிப்பது, முன்பணத்தின் உண்மையான வட்டி எவ்வளவு, நெல்லை எடுக்கத் தாமதமானால் இழப்பு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்பனவற்றையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். ஒரு பருவம் முடிந்தபின் அதே விவசாயிகளிடம் திரும்பச் சென்று, கைக்கு வந்த பணம் எவ்வளவு என்று கேட்டு எழுதினால், அடுத்த பருவத்தில் கையெழுத்திடப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போவார்கள்.

இப்படிக்கு,
நெல் விவசாயிகளின் நலனில் அக்கறை கொண்ட வாசகர்